வட கொரியாவுக்காக வாஷிங்டனில் இயற்றிய சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

கேள்வி: உவர்மலை ஆசிரியை

வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒடுக்குமுறை நாடொன்றின் மக்களுக்காக இன்னொரு நாட்டின் பாராளுமன்றம் சட்டம் இயற்றினால் அதனால் அந்த மக்களுக்குப் பயனுண்டா என்பதை அடுத்த தவணை விவாதத்துக்குத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் வட கொரிய மனித உரிமைச் சட்டம். 2004 ஜூலையில் பிரதிநிதிகள் சபையிலும் செப்டெம்பரில் செனட்டிலும் நிறைவேறிய இச்சட்டத்தில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அவ்வாண்டு ஒக்டோபர் 18 ஆம் திகதி கையொப்பமிட்டார். 2008, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் அது நீடிக்கப்பட்டது.

ஆயத்த வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்: "மிஸ், பியொங்யாங்கில் ஒரு கான்ஸ்டபிள்கூட இந்தச் சட்டத்தை வாசித்திருக்கமாட்டார். மீறினால் தண்டிக்க அங்கே ஒரு நீதவானும் இல்லை. அப்படியானால் இது சட்டமா, கண்டன அறிக்கையா?" மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஜெனீவாவில் என்ன தீர்மானம் வந்தது என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், எனவே இந்தச் சந்தேகம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

நான் அறிய விரும்புவது இரண்டு. இவ்வகைச் சட்டத்துக்கு உண்மையில் எந்த இடத்தில் அதிகாரம் இருக்கிறது? 2004 இற்குப் பிறகு எல்லை கடந்து ஓடிவந்த ஒரு வட கொரியரின் வாழ்க்கையில் அது எதை மாற்றியது? மாணவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடிய அளவில், ஆதாரமுள்ள விடயங்களோடு எழுதினால் நன்றி உடையவளாவேன்.

பதில்: உள்துறைமுக வீதிச் சட்டத்தரணி

உங்கள் மாணவி சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டும், மிஸ். பலர் இச்சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத இடத்தை அவர் தொட்டிருக்கிறார்.

அச்சட்டம் வட கொரிய அரசாங்கத்துக்கு ஒரு கட்டளையும் இடவில்லை, இடவும் முடியாது. அது கட்டளையிடுவது அமெரிக்காவின் சொந்த அதிகாரிகளுக்கு. இராஜாங்கத் திணைக்களம் என்ன அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், அகதி விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் எதைக் காரணமாகக் காட்டி நிராகரிக்கக்கூடாது, வானொலி நிறுவனங்கள் எதை நோக்கிச் செல்ல வேண்டும், ஜனாதிபதி யாரை நியமிக்க வேண்டும் என்பவையே அதன் உள்ளடக்கம். எனவே வெளிநாட்டு மனித உரிமைச் சட்டம் எதை வாசிக்கும்போதும், ஒவ்வொரு பிரிவும் யாருடைய கையைக் கட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். யாருடைய கையையும் கட்டாத பிரிவுகளை மாணவி சொன்னதுபோலக் கண்டன அறிக்கை என்றே ஒதுக்கிவிடலாம். அத்தகைய பிரிவுகள் இச்சட்டத்தில் தாராளமாக உண்டு. தொடக்கத்தில் வரும் கண்டறிவுகளும், இடையிடையே "காங்கிரஸின் எண்ணம் இதுவாகும்" என்று வரும் பந்திகளும் நீதிமன்றத்தில் ஒரு சதத்துக்கும் உதவாதவை.

இனி கையைக் கட்டும் பிரிவுகளுக்கு வருவோம். என் பார்வையில் மிகப் பெறுமதியானது, பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத 302 ஆம் பிரிவு. தென் கொரிய அரசியலமைப்பு கொரியத் தீபகற்பம் முழுவதையும் தன் ஆட்புலமாகக் கொள்வதால், வடக்கில் பிறந்தவரும் தென் கொரியச் சட்டத்தின்படி அந்நாட்டுப் பிரசையாகவே கருதப்படுகிறார். தன்னைப் பாதுகாக்கக்கூடிய இன்னொரு நாட்டின் பிரசாவுரிமை ஒருவருக்கு இருந்தால், அவரை அகதியாக ஏற்க வேண்டியதில்லை என்பது அகதிச் சட்டத்தின் பொது விதி. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சீன எல்லையிலுள்ள தூமன் ஆற்றைக் கடந்து, சீனாவில் ஒளிந்திருந்து, எப்படியோ தாய்லாந்தில் உள்ள அமெரிக்கத் தூதரக வாசலுக்கு வந்து சேர்ந்த ஒருவரிடம், "நீங்கள் ஏற்கெனவே தென் கொரியர், அங்கே போங்கள்" என்று ஓர் அலுவலர் சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். அகதி நிலைக்கும் தஞ்சக் கோரிக்கைக்கும் தகுதியைத் தீர்மானிக்கும்போது வட கொரியரைத் தென் கொரியப் பிரசையாகக் கருதக்கூடாது என்று 302 ஆம் பிரிவு அந்த வழியை அடைத்தது. தெற்கில் ஏற்கெனவே குடியேறி அங்குள்ள உரிமைகளைப் பெற்றுக்கொண்டவருக்கு இச்சலுகை இல்லை. இதில் பியொங்யாங்கின் சம்மதம் எதற்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது பணம். வட கொரியாவுக்கு வெளியே தவிக்கும் வட கொரியர்களின் மனிதாபிமான உதவிக்கு ஆண்டுக்கு 20 மில்லியன் டொலர், மனித உரிமை, மக்களாட்சித் திட்டங்களுக்கு 2 மில்லியன், தகவல் சுதந்திரத்துக்கு 2 மில்லியன் என்று 2004 சட்டம் அங்கீகாரம் கொடுத்தது. வாசிப்பவர்கள் அந்தப் பணம் அன்றே கைமாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்க முறையில் செலவுக்கான அங்கீகாரம் ஒரு சட்டம், நிதி ஒதுக்கீடு இன்னொரு சட்டம். பிரதேச சபை சந்தைக் கட்டடத்துக்கு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு ரூபாயும் போடாமல் விடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. இச்சட்டத்தின் பெயரைச் சொல்லித் தனியாக நிதி கோராமல், முன்பே இருந்த அகதி உதவித் திட்டங்களின் கீழேயே நிர்வாகம் பெரும்பாலும் செலவு செய்தது.

மூன்றாவது, மனித உரிமைக்கான விசேட தூதுவர். 2005 இல் நியமிக்கப்பட்ட ஜேய் லெஃப்கோவிட்ஸ் அப்பதவியைப் பகுதி நேரமாகவே பார்த்தார். அணுவாயுதப் பேச்சுவார்த்தையைப் பகிரங்கமாகக் குறைகூறிய அவரை 2008 ஜனவரியில் இராஜாங்கச் செயலாளர் கொண்டலீசா ரைஸ் வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார். அவ்வாண்டு சட்டம் நீடிக்கப்பட்டபோது அந்தப் பதவியின் தரம் உயர்த்தப்பட்டது. 2009 முதல் 2017 ஜனவரி வரை அதில் இருந்த ரொபர்ட் கிங் 2011 மே மாதம் வட கொரியாவுக்கே சென்று உணவு நிலைமையைப் பார்வையிட்டார். அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்கரை அழைத்துக்கொண்டும் திரும்பினார். அதன் பிறகு 2023 வரை அந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியும் ஆறு ஆண்டுகள் நியமிக்காமல் இருக்க முடிந்தது. வழக்குப் போடக்கூடிய நிலையில் யாரும் இல்லை. சொந்த அதிகாரிகளின் கையைக் கட்டும் சட்டம் என்று நான் மேலே எழுதியதற்கு உள்ள எல்லை இதுதான். கட்டு அவிழ்ந்தால் இழுத்து முடிவதற்கு ஒருவர் வேண்டும்.

எண்ணிக்கையைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். இச்சட்டத்தின் கீழ் முதல் ஆறு வட கொரிய அகதிகள் 2006 மே மாதம் அமெரிக்கா வந்தனர். அதன் பின் இரண்டு தசாப்தங்களை நெருங்கியும் மொத்தம் 200 ஐச் சற்றே தாண்டியது. தென் கொரியா ஏற்றுக்கொண்டவர்கள் 34,000 இற்கு மேல். பாதுகாப்புச் சோதனைகள் நீளுகின்றன. இடைத்தங்கல் நாடு வெளியேறும் அனுமதி கொடுக்கத் தாமதிக்கிறது. சியோலுக்குப் போகச் சம்மதித்தால் காத்திருப்பும் குறைவு, மொழியும் ஒன்று, பிரசாவுரிமையும் உடனே. ஒரு தடுப்பு நிலையத்தில் மாதக்கணக்கில் இருப்பவர் எதைத் தெரிவு செய்வார் என்பதற்குச் சட்ட அறிவு தேவையில்லை.

பதில்: சிற்றலைக்காரர்

சட்டத்தரணி ஐயா வானொலியை ஒரு வரியில் கடந்துவிட்டார். எனக்குத் தெரிந்த தொழில் அதுவென்பதால் அந்த இடத்தை நான் நிரப்புகிறேன்.

எங்கள் ஊரில் ஜெர்மனியின் டொய்ச்ச வெலே வானொலியின் நிகழ்ச்சிகளை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யும் ஒரு சிற்றலை (ஷோர்ட் வேவ்) நிலையம் நெடுங்காலம் இயங்கி, பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. திருகோணமலையின் அன்டெனாவிலிருந்து கிளம்பிய அலை வானத்தின் மின்மப் படலத்தில் பட்டுத் தெறித்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கும். இதைத் தடுக்க நினைக்கும் அரசாங்கத்துக்கு இரண்டே வழிதான்: அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்புவது, அல்லது கேட்பவனின் பெட்டியையே பழுதாக்குவது. முதலாவதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். வட கொரியா இரண்டையும் செய்கிறது.

அங்கே சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ரேடியோவில் அலைவரிசை அரசாங்க நிலையத்தில் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும். முத்திரை உடைந்திருக்கிறதா என்று சோதனைக்கு வருவார்கள். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் பின்மூடியைக் கழற்றி, பற்றவைத்த இணைப்பை விடுவித்து, இரவில் போர்வைக்குள் வைத்துக் கேட்டுவிட்டு, சோதனைக்கு முன் பழையபடி பற்றவைப்பார். எல்லை வழியாகக் கடத்திவரும் சீனப் பெட்டிகளும் உண்டு. அவற்றில் முள்ளை எங்கும் நகர்த்தலாம். மூதூர் கிழக்கில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்கு, செய்திக்காக ஒரு மனிதன் என்னென்ன செய்வான் என்பது புரியும். ஆனால் எங்களுக்குச் சிரமம் மின்சாரம். அவர்களுக்கு அது தண்டனை.

2004 சட்டம் வட கொரியாவை நோக்கிய ஒலிபரப்பை நாளொன்றுக்கு 12 மணித்தியாலமாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1942 இலிருந்தே கொரிய மொழியில் பேசிவந்தது. ரேடியோ ஃப்ரீ ஏசியா 1990 களின் பிற்பகுதியில் சேர்ந்தது. ஒரு மணித்தியாலம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சிற்றலையில் பகலுக்கு உகந்த அலைவரிசை இரவுக்கு உதவாது. கேட்பவன் ஒளித்துவைத்த பெட்டியை எப்போது எடுப்பான் என்று ஒலிபரப்புபவனுக்குத் தெரியாது. ஆகவே நேரம் நீளமாக இருப்பதும், ஒரே செய்தி பல அலைவரிசைகளில் போவதும் ஆடம்பரமல்ல. இச்சட்டத்தின் பிரிவுகளில் பியொங்யாங்கின் அனுமதி இல்லாமலே அந்நாட்டின் வீட்டுக்குள் சென்றது இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன்.

பியொங்யாங்கின் பதிலைப் பாருங்கள். 2020 டிசம்பரில் வெளிநாட்டுப் படைப்புகளைப் பார்ப்பதையும் பரப்புவதையும் கடுமையாகத் தண்டிக்கும் புதுச் சட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். பரப்புவோருக்கு மரண தண்டனை வரை போகலாம். பெரும்பாலும் பென் ட்ரைவிலும் மெமரி காட்டிலும் போகும் தென் கொரிய நாடகங்களைக் குறிவைத்த சட்டம் அது. பயனில்லாத ஒன்றுக்கு எதிராக எந்த அரசாங்கமும் இவ்வளவு கடுமையான சட்டம் எழுதாது. அதே 2020 டிசம்பரில் தென் கொரியாவும் எல்லைக்கு அப்பால் துண்டுப்பிரசுரம் அனுப்புவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும், 2023 செப்டெம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்ததும் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய கிளைக்கதை.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து இந்த இரண்டு வானொலிகளும் பெரிதும் முடக்கப்பட்டன. வட கொரியா தன் இரைச்சல் இயந்திரங்களால் செய்து முடிக்காததை வாஷிங்டன் ஒரு கையெழுத்தால் செய்தது.

பதில்: கிண்ணியா, முன்னாள் தொழிற்சங்கக்காரன்

மேலே எழுதிய இருவரும் விடயம் தெரிந்தவர்கள். இருந்தும் யாருக்குச் சட்டம் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற கேள்வியை இருவரும் தொடவில்லை.

2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் வட கொரியாவை ஈரானோடும் ஈராக்கோடும் சேர்த்துத் தீமையின் அச்சு என்றார். அடுத்த ஆண்டு ஈராக்கில் படை இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு இச்சட்டம். பக்கத்து வீட்டிலிருக்கும் தென் கொரியாவில் அன்று ஆளுங்கட்சியாக இருந்தவர்களின் உறுப்பினர்கள் சிலர் இச்சட்டத்தை எதிர்த்து அமெரிக்கத் தரப்புக்குக் கடிதம் எழுதினார்கள். ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சியாக இது மாறி, யுத்தம் வந்தால் குண்டு விழுவது சியோலில் அல்லவா என்பது அவர்களுடைய பயம். தென் கொரியாவே இப்படி ஒரு சட்டத்தை இயற்ற 2005 இலிருந்து 2016 வரை 11 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதன்படி அமைய வேண்டிய மனித உரிமை மன்றத்துக்குக் கட்சிகள் பணிப்பாளர்களைப் பெயர் குறிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததும் நடந்தது. சவூதி அரேபியாவுக்கு இப்படி ஒரு மனித உரிமைச் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியதா? நட்பு நாட்டில் சவுக்கடி விழுந்தால் அது உள்விவகாரம்.

இன்னொன்று, சட்டம் ஏழையின் முதுகில் இறங்கும் விதம். 2010 ஓகஸ்ட்டில் ஐரோப்பிய ஒன்றியம், சிவில் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் உரிமை ஆகியவை தொடர்பான உடன்படிக்கைகளை இலங்கை சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று ஏற்றுமதிப் பொருட்களுக்கான ஜீஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. காரணம் நியாயமானதா என்றால் நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் என் தங்கை ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் இருந்தாள். ஓடர் குறைந்தது என்று சொல்லி முதலில் ஓவர்டைமை வெட்டினார்கள், பிறகு வருகைக் கொடுப்பனவை வெட்டினார்கள். சித்திரவதை செய்தவனுக்கு எந்தக் கொடுப்பனவு வெட்டப்பட்டது? உங்கள் மாணவர்களில் எதிரணிக்கு இதை நான் இனாமாகத் தருகிறேன், மிஸ்.

ஆசிரியையின் குறிப்பு

மூவருக்கும் நன்றி. கிண்ணியாச் சகோதரரின் கேள்வியை எதிரணிக்குக் கொடுத்துவிட்டேன். பதிலை ஆதரவணி தேட வேண்டும். அவர்கள் தென்னாபிரிக்காவைக் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார்கள். வட கொரியாவையும் தென்னாபிரிக்காவையும் ஒரே தராசில் வைக்கலாமா? அத்துடன், ஒரு நாட்டை முழுவதாக அல்லாமல் ஆளைக் குறிவைக்கும் சட்டங்கள் இப்போது வந்திருப்பதாகவும், அவற்றில் திருகோணமலையின் பெயரே இருப்பதாகவும் ஒரு மாணவன் சொன்னான். அது சரியா?

பதில்: உள்துறைமுக வீதிச் சட்டத்தரணி

ஒரே தராசில் வைக்கலாம்; வைத்தால் எடை வேறுபடும், அவ்வளவுதான்.

தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 1986 இல் ஜனாதிபதி ரீகன் மறுத்தும் அம்மறுப்பை மீறி ஒக்டோபர் 2 ஆம் திகதி நிறைவேறியது. நிலக்கரி, யுரேனியம், துணி, இரும்பு, விவசாயப் பொருட்கள் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது; புது முதலீட்டைத் தடுத்தது; தென்னாபிரிக்க விமானம் அமெரிக்காவில் இறங்குவதைத் தடுத்தது. இவை எல்லாம் தடுக்கக்கூடியவையாக இருந்ததற்குக் காரணம், இரு நாடுகளுக்கும் இடையில் அவை ஓடிக்கொண்டிருந்தமையே. வட கொரியாவோடு அமெரிக்காவுக்கு 2004 இல் நிறுத்துவதற்கென்று சொல்லத்தக்க வியாபாரமே இருக்கவில்லை. இல்லாத நீரோட்டத்துக்கு அணை கட்ட முடியாது. அதனால்தான் 2004 சட்டம் அகதியையும் வானொலியையும் பிடித்துக்கொண்டது.

நிறவெறிச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் வெளியேறும் வழி. நெல்சன் மண்டேலாவையும் அரசியல் கைதிகளையும் விடுவித்தல், அவசரகால நிலையை நீக்குதல், கட்சிகளின் தடையை எடுத்தல், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பிரதேசச் சட்டத்தையும் மக்களை இனவாரியாகப் பதிந்த சனத்தொகைப் பதிவுச் சட்டத்தையும் ஒழித்தல், பேச்சுவார்த்தைக்கு வருதல் என்று தடையை அகற்றுவதற்கான நிபந்தனைகள் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. தென்னாபிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் ஆட்சியில் இருந்தவர்களுக்கு விலை என்னவென்று தெரியும். 1991 ஜூலையில் ஜனாதிபதி மூத்த புஷ் நிபந்தனைகள் நிறைவேறின என்று கூறித் தடையை நீக்கினார். எனினும் ஆதரவணி முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம். சட்டம் வருவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, 1985 இல், சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்து, அந்நாடு வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தும் நிலைக்கு வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நாட்டு மக்கள் தெருவில் நின்றார்கள்.

சோவியத் ஒன்றியத்தைப் பற்றி ஒரு வரி போதும்: வெளியேற விரும்பும் பிரசைகளைத் தடுக்கும் கம்யூனிச நாட்டுக்கு வர்த்தகச் சலுகை இல்லை என்று, முக்கியமாகச் சோவியத் யூதர்களை மனதில் வைத்து எழுதிய ஜக்சன்–வனிக் திருத்தம் 1975 ஜனவரியில் சட்டமானதும், மொஸ்கோ கோபத்தில் வர்த்தக உடன்படிக்கையையே தூக்கி எறிந்தது, வெளியேற விடப்பட்டவர்களின் தொகையும் உடனே வீழ்ந்தது. 1979 இல் அது 50,000 ஐத் தாண்டியதும் உண்மை. எந்த ஆண்டை எடுக்கிறீர்களோ அதற்கேற்ப வாதம் மாறும்.

கிண்ணியா நானாவின் தங்கைக்கு நேர்ந்ததற்கான பதிலாகவே ஆளைக் குறிவைக்கும் சட்டங்கள் வளர்ந்தன. மனித உரிமை மீறியவரின் சொத்தை முடக்கி, அமெரிக்காவுக்குள் வரவிடாமலும் தடுக்கும் ரஷ்யாவுக்கான மக்னிட்ஸ்கி சட்டம் 2012 இல் வந்தது. அதே சட்டத்தோடுதான் ரஷ்யாவுக்கான ஜக்சன்–வனிக் நீக்கப்பட்டது. உலகளாவிய மக்னிட்ஸ்கி சட்டம் 2016 இல் வந்தது.

உங்கள் மாணவன் சொன்னது சரி. 2008, 2009 காலப்பகுதியில் கடத்தப்பட்டு, எங்கள் கடற்படைத் தளத்தில் தடுத்து வைக்கப்பட்டதாகக் கூறப்படும் 11 பேரை அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 'திருகோணமலை 11' என்றே குறிப்பிடுகிறது. அவர்களில் குறைந்தது எட்டுப் பேரின் சுதந்திரத்தை மறுத்தார் என்று சொல்லி, கடற்படைப் புலனாய்வு அதிகாரி சந்தன ஹெட்டியாராச்சிக்கு 2021 டிசம்பர் 10 ஆம் திகதி, மனித உரிமை நாளன்று, அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கும் அதே விதமான தடை வந்தது. அப்போது அவர் வடமேல் மாகாண ஆளுநர். அதற்கு முன் 2021 ஓகஸ்ட்டில், இந்த வழக்கில் அவருக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடரப் போவதில்லை என்று எங்கள் நாட்டின் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்தார்.

பலர் இவற்றை மக்னிட்ஸ்கி தடை என்று எழுதுவது தவறு. இவை ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 7031(சி) என்ற பிரிவின் கீழ் வந்தவை. அப்பிரிவு அதிகாரியையும் நெருங்கிய குடும்பத்தையும் நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும், சொத்தை முடக்காது. குற்றத்தீர்ப்பும் அல்ல, விசாரணையும் அல்ல. விசா அலுவலர் ஒருவருக்கு, இந்தப் பெயருக்கு அனுமதி கொடுக்காதே என்று போகும் கட்டளை. கொழும்பில் உள்ள எந்த நீதிமன்றத்தின் கோப்பையும் அது ஓர் அங்குலம் நகர்த்தாது. காணாமற்போனவரின் தாயிடம் இதை நீதி என்று யாராவது விற்க வந்தால் நான் எதிர்ப்பேன். அதே நேரம், தையல் இயந்திரத்தில் இருக்கும் எந்தப் பெண்ணின் சம்பளத்தையும் அது தொடவில்லை.

பதில்: ஸ்காபரோவிலிருந்து ஒரு திருகோணமலையான்

சட்டத்தரணி அண்ணன் எழுதியதோடு கனடாவின் பக்கத்தைச் சேர்க்கிறேன். 2023 ஜனவரியில் கனடா, விசேட பொருளாதார நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ் நான்கு இலங்கையரைப் பட்டியலிட்டது: முன்னாள் ஜனாதிபதிகள் மஹிந்த ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ ஆகிய இருவர், இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க, மேலே குறிப்பிட்ட அதே கடற்படை அதிகாரி. இங்கே வித்தியாசம், கட்டுப்படுவது விசா அலுவலர் மட்டுமல்ல. கனடாவில் உள்ள எவரும், வெளிநாட்டிலிருக்கும் கனடியரும், பட்டியலில் உள்ளவரின் சொத்தைக் கையாளக்கூடாது. வங்கிகள் அந்தப் பெயர்களுக்குரிய கணக்கு தங்களிடம் இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீறினால் வழக்கு கனடிய நீதிமன்றத்தில், கனடியருக்கு எதிராக நடக்கும். உங்கள் மாணவி தேடிய நீதவான் இங்கேதான் இருக்கிறார், மிஸ்.

வட கொரியச் சட்டத்துக்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு, ஆயுள். அமெரிக்கச் சட்டத்தின் நிதி அங்கீகாரத்துக்குக் காலவரையறை உண்டு. 2018 இல் கிடைத்த கடைசி நீடிப்பு 2022 உடன் முடிந்தது. சட்டம் செத்துப்போகும் என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு நீடிப்புக்கு முன்னும் குழு விசாரணை வைத்து, அதிகாரிகளை மேசைக்கு முன் உட்காரவைத்து, எத்தனை அகதிகளை எடுத்தீர்கள், தூதுவர் எங்கே என்று கேட்கச் சந்தர்ப்பம் கிடைக்கிறது. கொரிய அமெரிக்கத் தேவாலயங்களின் ஆட்கள் அந்த நாட்களுக்காகவே பஸ் பிடித்து வாஷிங்டன் போவார்கள். கனடாவின் பட்டியல் அமைச்சரவையின் ஒழுங்குவிதி. அதற்குக் காலாவதித் திகதி கிடையாது. புதுப்பிக்கும் வாக்கெடுப்பும் கிடையாது. பாராளுமன்றத்தைக் கேட்காமலே அமைச்சரவை ஒரு பெயரை நீக்கவும் முடியும். இங்கிருந்து மனுக் கொடுக்கும் எங்கள் ஆட்கள் பெயர் சேர்ந்த அன்று பட்டாசு கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்தச் சொத்தாவது முடக்கப்பட்டதா என்று பிறகு ஒருவரும் ஒட்டாவாவைக் கேட்டதாக நான் காணவில்லை.